குற்றமில்லாத நூறாவது நாள்

குற்றமில்லாத தொண்ணூற்றாறாவது நாள் காலை பத்தேகால் மணிக்குப் போர்டு பெயிண்டரின் வலது கையில் மூன்று விரல்களும் மணிக்கட்டும் உடைக்கப்பட்டன.

உடைத்தவர் தழும்பண்ணன். அவசரப்படுகிற ஆள் இல்லை. பெயிண்டரின் கடைக்குள் வந்தார், ஸ்டூலைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். கூட வந்த இரண்டு பேரிடம் பெயிண்டரின் கையை மேசைமேல் நீட்டிப் பிடிக்கச் சொன்னார். அங்கேயே கிடந்த வார்னிஷ் டப்பாவை எடுத்து விரல் விரலாக அடித்தார். மூன்றாவது விரலில் டப்பாவின் மூடி திறந்துகொண்டு வார்னிஷ் அவருடைய சட்டையில் தெறித்தது. மணிக்கட்டு அந்தச் சட்டைக்காக.

காரணம் இல்லாமல் அவர் யாரையும் தொடமாட்டார். அவருடைய பிறந்தநாளுக்காக இருபதடி உயரப் படம் ஒன்றைப் பெயிண்டர் வரைந்திருந்தார். பெயிண்டருக்கு இருபத்திரண்டு வருடத் தொழில். யாரை வரைந்தாலும் மருவை எடுத்துவிடுவார், வழுக்கையில் நான்கு முடி வைப்பார், மாறுகண்ணை நேராக்குவார். யாரும் சொல்ல வேண்டாம், கை தானாகப் போகும். அந்தப் பழக்கத்தில், தழும்பண்ணனின் இடது கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடையில் முடிகிற வெட்டுத்தழும்பையும் எடுத்துவிட்டார். கன்னத்தில் லேசாக ரோஸ் நிறம்கூடப் போட்டிருந்தார்.

"யார்ரா இது?" என்று தழும்பண்ணன் கேட்டார்.

"நீங்கதாண்ணே."

"இவனப் பாத்து எவனாவது கடைய மூடுவானாடா? இவனே எவன்கிட்டயோ அடி வாங்கி அழுதுட்டு வந்தவன் மாதிரி இருக்கான். பதினெட்டு வருஷமா இந்தத் தழும்புதான்டா எனக்குச் சோறு போடுது. நான் வாயத் தொறந்து மிரட்டுறதே கிடையாது. கன்னத்தத் திருப்புவேன், அவ்வளவுதான்."

டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, எழுந்தபடியே சொன்னார்: "நூறாவது நாள் விழாவுக்குள்ள தழும்ப வரஞ்சிடணும்."

"கைய உடச்சிட்டீங்களேண்ணே, எதால வரையறது?"

தழும்பண்ணன் நின்றார். இந்தக் கோணத்தில் அவர் யோசித்திருக்கவில்லை. "அதான் இன்னொண்ணு வச்சிருக்கியே. வரையலேன்னா அதுவும் போயிடும்."

பெயிண்டரின் மனைவிக்கு ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் உதவியாளர் வேலை. அவளே படம் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நாலு எடத்துல போயிருக்கு. ஊருல இருக்குறவன் மருவையெல்லாம் எடுக்குறீங்களே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? நானாவது அந்த ஆளுக்குத் தழும்பு வேணும்னு சொல்லியிருப்பேன்ல?" கட்டுப் போட்டு முடிக்கும்வரை திட்டினாள். முடித்ததும் குரல் இறங்கிவிட்டது. "ஸ்டேஷனுக்குப் போங்க. அவன உள்ள போட்டாத்தான் இந்த ஒரு கையாவது மிஞ்சும்."

ஸ்டேஷன் பெயிண்டருக்குப் புதிதல்ல. வாசலில் ஒரு பெரிய கரும்பலகை நிற்கிறது. 'இந்தப் பகுதியில் குற்றம் நிகழாத நாட்கள்' என்று எழுதி, கீழே எண் போட்டிருக்கும். அரசின் குற்றக் குறைப்புத் திட்டத்தில் எல்லா ஊரிலும் இப்படி ஒரு பலகை உண்டு. தினமும் காலை எட்டு மணிக்கு வந்து எண்ணை மாற்றி எழுதுவது பெயிண்டர்தான். அன்றும் எட்டு மணிக்கு 96 என்று அழகாக எழுதிவிட்டுத்தான் கடைக்குப் போயிருந்தார்.

புகார் எழுதுவதற்கென்று ஸ்டேஷனில் ஒரு ரைட்டர் இருந்தார். திட்டம் வந்தபிறகு, புகார் எழுதாமலிருப்பதற்கு அவர்தான் பொறுப்பு. அவர் மேசையில் மூன்று ரப்பர் ஸ்டாம்புகள் இருந்தன: 'தவறி விழுந்தார்', 'நண்பர்களுக்குள்', 'பொருளை எங்கோ வைத்து மறந்தார்'.

"எங்க விழுந்தீங்க?" என்றார்.

"விழல சார். அடிச்சாங்க."

"அடிச்சதும் விழுந்தீங்களா?"

"விழவே இல்ல. ரெண்டு பேரு புடிச்சிருந்தாங்க."

"விழாம புடிச்சிருக்காங்க பாருங்க. இந்தக் காலத்துல யாரு புடிக்கிறா?" என்று இரண்டாவது ஸ்டாம்பை எடுத்தார்.

அப்போது எதிரே டயர்க்கடையிலிருந்து ஒரு அலறல் வந்தது. ஜன்னல் வழியாக நன்றாகவே தெரிந்தது. தழும்பண்ணனின் ஆட்கள் மூன்று பேர் டயர்க்கடைக்காரரை அவருடைய ஜாக்கிக் கம்பியாலேயே அடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் அடியில் அவர் கையை உயர்த்தினார், இரண்டாவதில் முட்டி போட்டார், அதற்குப்பின் அவர் தெரியவில்லை, கம்பி மட்டும் ஏறி இறங்கியது. உள்ளேயிருந்து வந்த இன்ஸ்பெக்டர் ஜன்னலைச் சாத்தினார். "சத்தம் தாங்கல. இந்த ரோட்டுல வண்டிங்க ஜாஸ்தியாயிடுச்சு," என்றார்.

இன்ஸ்பெக்டர் அன்பானவர். பெயிண்டரை நாற்காலியில் உட்கார வைத்து, உடையாத கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"தம்பி, நான் இங்க வந்தப்ப மாசம் நாப்பது குற்றம். உக்காந்து யோசிச்சேன். குற்றம் எங்க உருவாகுது? தெருவுலயா? இல்ல. தெருவுல நடக்குறது வெறும் சம்பவம். அது குற்றமா மாறுறது இந்த மேசைமேல, பதிவேட்டுல. சரி, மூலத்துலயே கை வைக்கணும்னு முடிவு பண்ணேன். பதிவேட்டப் பீரோவுல வச்சுப் பூட்டினேன், சாவியத் தலைமையகத்துக்கு அனுப்பினேன். மறுநாள்லேர்ந்து ஒரு குற்றம் கிடையாது. வெளிநாட்டுக்காரங்க வந்து பாத்துட்டுப் போறாங்க, எப்படி சார்னு கேக்குறாங்க."

"அப்ப என் கை, சார்?"

"நீங்க ஒரு கையப் பாக்குறீங்க. நான் இந்தப் பகுதியில ஒரு லட்சத்து இருபதாயிரம் பேரப் பாக்கணும். ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் கை. அதுல ஒண்ணு. சதவீதம் போட்டுப் பாத்தா ஒண்ணும் தேறாது, தம்பி."

"இன்னொரு கையையும் எடுத்துடுவேன்னு சொல்லியிருக்காரு."

"அப்பவும் ரெண்டுதானே?" என்ற இன்ஸ்பெக்டர், எக்ஸ்ரே படத்தை வாங்கி ஒரு கோப்புக்குள் வைத்துக்கொண்டு, பெயிண்டரைச் சமுதாய அமைதிக் குழுவுக்கு அனுப்பினார்.

அமைதிக் குழு தொண்ணூற்றேழாவது நாள் நூலகத்தின் மாடியில் கூடியது. தலைவர் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். துணைத்தலைவர் தழும்பண்ணன். துணைத்தலைவருக்குக் குற்றத்துறையில் குறைந்தது பத்தாண்டு கள அனுபவம் வேண்டும் என்று விதியில் இருந்தது. விண்ணப்பித்தவர் ஒருவர்தான்.

"ரெண்டு பேரும் மனசத் தொறந்து பேசணும்," என்றார் தலைமையாசிரியர். "முதல்ல ஓவியர்."

"அண்ணன் என் கைய..." என்று பெயிண்டர் தொடங்கினார். தழும்பண்ணன் உட்கார்ந்திருந்த இரும்பு நாற்காலியை மடக்கி அவர் வாயில் அடித்தார். பெயிண்டர் புத்தக அலமாரியோடு சரிந்தார். அலமாரி சாய்ந்து, கனமான அகராதிகள் ஒவ்வொன்றாக அவர்மேல் விழுந்தன. எழ முயன்றவரின் விலாவில் தழும்பண்ணன் இரண்டு உதை விட்டார். "ஐயா, கொஞ்சம் நிதானமா..." என்று எழுந்த தலைமையாசிரியருக்கும் ஒன்று கிடைத்தது. அவருடைய கண்ணாடி உடைந்து புருவம் கிழிந்தது.

"எம்மேலயே பிராது குடுப்பியா? தழும்ப வரைடா. அப்புறம் பேசலாம்," என்று சொல்லிவிட்டுத் தழும்பண்ணன் கைகழுவப் போய், அப்படியே வீட்டுக்கும் போய்விட்டார்.

தலைமையாசிரியர் ஒரு கண்ணில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு கூட்ட நடவடிக்கைக் குறிப்பை எழுதினார். பழைய ஆசிரியர் அல்லவா, நடை நன்றாக இருந்தது. 'துணைத்தலைவர் தம் கருத்தை அழுத்தமாகப் பதித்தார். இரு தரப்பும் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு நெருங்கி வந்தனர். தலைவர் குறுக்கிட்டதும் கூட்டம் சூடுபிடித்தது.'

"ஐயா, உங்களுக்கும் ரத்தம் வருதேய்யா," என்றார் பெயிண்டர், கையில் ஒரு பல்லை வைத்துக்கொண்டு.

"எனக்கு இது நாலாவது கூட்டம்ப்பா," என்றார் அவர். "தீர்மானம்னு ஒண்ணு போடணுமே. என்ன போடலாம்? ஆங், துணைத்தலைவரோட படம் ஒண்ணு விழா மேடைக்கு வேணும்னு கேட்டிருந்தாங்க. நீ வரஞ்சது இருக்குல்ல? அத அரசுக்கு அன்பளிப்பா குடுத்துட்டதா எழுதிடறேன்." எழுதிவிட்டார்.

மறுநாள் பெயிண்டர் இடது கையில் தூரிகையோடு விழா மைதானத்துக்குப் போனார். இரவெல்லாம் பழைய அட்டையில் இடது கையால் தழும்பு வரைந்து பழகியிருந்தார். முப்பதாவது தழும்பு ஓரளவு தழும்பு மாதிரியே வந்திருந்தது. மேடையின் பின்புறம் படத்தை ஏற்கெனவே நிறுத்தி, திரை போட்டு மூடியிருந்தார்கள். ஏணியில் கால் வைத்ததும் ஒரு காவலர் முழங்காலில் லத்தியால் போட்டு இறக்கினார். இன்ஸ்பெக்டர் ஓடிவந்தார்.

"என்ன தம்பி, அரசுச் சொத்துல கீறல் போடுறீங்க? இது குற்றமாச்சே!"

"தழும்புதான் சார் போடப் போறேன். போடலேன்னா என் கை போயிடும்."

"போட்டா நீங்க போயிடுவீங்க. அரசுக்கு எதிரான குற்றம்னா அதுக்குத் தனிப் பதிவேடு. அதப் பூட்டல."

"அத எழுதினா பலகையில எண்ணிக்கை கெட்டுடாதா?"

"அது இந்த எண்ணிக்கையிலயே வராது. இது மக்கள் பாதுகாப்புத் திட்டம். அரசாங்கத்தோட பாதுகாப்பு வேற. அதுல நாங்க விளையாடுறதில்ல."

பெயிண்டர் நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். தழும்பு போட்டால் ஜெயில், போடாவிட்டால் இடது கை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மனைவி, "பேசாம ஊரவிட்டு ஓடிடலாங்க," என்றாள். மறுநாள் காலையில் துணிகளை மூட்டை கட்டினார்கள். முடிச்சுப் போடுவதற்குள் கதவை உடைத்துக்கொண்டு போலீஸ் வந்துவிட்டது.

தலைமையகத்திலிருந்து ஒரு பாதுகாப்பு ஆலோசகர் வந்திருந்தார். இளைஞர், புதுச் சட்டை, நிறைய படித்தவர். தொண்ணூற்றொன்பதாவது நாளில் ஏதாவது நடந்து விழா கெட்டுவிடக் கூடாதென்று ஒரு பட்டியலோடு வந்திருந்தார். பட்டியலில் இருந்த பதினான்கு பேரையும் வீடு வீடாகப் போய் இழுத்து வந்து ஒரே லாக்கப்பில் அடைத்தார்கள். தலையில் எட்டுத் தையலோடு டயர்க்கடைக்காரர், சங்கிலியை அறுத்தபோது கழுத்தும் சேர்ந்து அறுபட்ட வங்கி ஊழியர், காது கிழிந்த பேருந்து நடத்துநர். வர மறுத்த நடத்துநருக்கு வழியிலேயே மறு காதும் கிழிந்தது.

"நாங்க என்ன தப்பு பண்ணோம்?" என்று டயர்க்கடைக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"ஒரு தப்பும் இல்ல. நீங்கள்லாம் பாதிக்கப்படக்கூடியவங்க," என்றார் ஆலோசகர் கனிவாக. "யோசிச்சுப் பாருங்க. ஒரு குற்றம் நடக்க ரெண்டு பேரு வேணும். செய்யிறவன், வாங்குறவன். ஒருத்தன அகற்றிட்டா குற்றம் இல்ல. செய்யிறவன் ஓடுவான், ஒளிவான், கத்தி வச்சிருப்பான், புடிக்கப் போற காவலருக்கு ஆபத்து. வாங்குறவங்க அப்படி இல்ல. வீட்டுலதான் இருப்பாங்க, பாதிப் பேருக்கு நடக்கவே முடியாது. இவங்களப் புடிக்கிறதுதானே அறிவியல்?"

"எங்களுக்குக் காவல் யாரு?" என்றார் வங்கி ஊழியர்.

அதற்கும் ஏற்பாடு இருந்தது. காவலர்கள் எல்லோரும் விழாவுக்குப் போயாக வேண்டும் என்பதால், மஞ்சள் மேலங்கி போட்ட 'பாதுகாப்பு நண்பர்கள்' நியமிக்கப்பட்டிருந்தார்கள். டயர்க்கடைக்காரர் அவர்களைப் பார்த்ததும் மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அவர்களில் ஒருவன் கையில் அவருடைய ஜாக்கிக் கம்பி இருந்தது. அன்று பகல் முழுவதும் நண்பர்கள் பதினான்கு பேருக்கும் முறைவைத்துப் பாதுகாப்பு அளித்தார்கள். ஆலோசகர் போகும்போது வராந்தா ரத்தத்தில் கால் வழுக்கிவிட்டது. "தரை ஈரமா இருக்கு, யாராவது விழுந்துடப் போறாங்க," என்று ரைட்டரிடம் அக்கறையாகச் சொன்னார்.

சாயங்காலம் தழும்பண்ணன் வந்தார். கம்பிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெயிண்டரின் இடது கையை வெளியே இழுத்து, விரல்களை ஒவ்வொன்றாக நீவிப் பார்த்தார்.

"வரஞ்சிட்டியா?"

"விடமாட்டேங்குறாங்கண்ணே. அரசுச் சொத்தாம்."

"அது உன் பிரச்சன. நாளைக்கு விழா முடியட்டும். அண்ணன் வாக்குக் குடுத்தா வாக்குதான்," என்று சுண்டுவிரலில் செல்லமாக ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

நூறாவது நாள் மைதானத்தில் இரண்டாயிரம் பேர். வராதவர்களின் வீட்டுக்குத் தண்ணீர் நிறுத்தப்படும் என்று அறிவித்திருந்ததால் கூட்டம் தானாகவே வந்திருந்தது. அமைச்சர் முன்னால் 100 என்று எழுத ஆள் வேண்டுமே என்று, பெயிண்டரை முகம் கழுவ வைத்து மேடையேற்றினார்கள். இடது கையால் எழுதினார். ஒன்று பரவாயில்லை. பூஜ்யங்கள்தான் முட்டைகள் போல ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்துகொண்டன. கைதட்டினார்கள்.

அமைச்சர் மைக்கைப் பிடித்தார். "என் அருமை மக்களே! இங்கே குற்றம் இல்லை! பயம் இல்லை! நீங்கள் உங்கள் வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கலாம். நான் அப்படித்தான் தூங்குகிறேன். என் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது, வாசலில் நிற்கும் பதினாறு துப்பாக்கிக் காவலர்களைக் கேட்டுப் பாருங்கள்! எதிர்க்கட்சி கேட்கிறது, ஆஸ்பத்திரியில் ஏன் இவ்வளவு கூட்டம் என்று. நான் சொல்கிறேன், பயமில்லாமல் வெளியே வருகிறார்கள், அதனால் ஆஸ்பத்திரிவரை வர முடிகிறது!"

பிறகு குற்றக் குறைப்புச் செம்மல் விருது. கனமான பித்தளைக் கேடயம். பெறுபவர் அமைதிக் குழுத் துணைத்தலைவர். அவர் மேடையேறிக் கேடயத்தை வாங்கியதும் பின்னால் திரை விலகியது.

இருபதடி உயரத்தில் ரோஸ் கன்னத்தோடு தழும்பண்ணன் நின்றார். மழுமழுவென்று, இப்போதுதான் குளிப்பாட்டி விட்டது போல இருந்தார். கூட்டத்தில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பக்கத்திலிருந்தவர் அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார். அப்புறம் இரண்டாயிரம் பேரும் சிரித்தார்கள். பதினெட்டு வருடமாக அவரைப் பார்த்துக் கடையை மூடியவர்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அமைச்சருக்கு உற்சாகம் தாங்கவில்லை. தழும்பண்ணனின் கன்னத்தை, தழும்பிருந்த பக்கமாகவே பார்த்துக் கிள்ளினார். "பாருங்கள் இந்தப் பச்சைக் குழந்தை முகத்தை! இவரைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா?"

தழும்பண்ணன் கேடயத்தை இரண்டு கையாலும் தூக்கி அமைச்சரின் தாடையில் இறக்கினார். ஒலிபெருக்கி நல்ல ரகம். தாடை உடைந்த சத்தம் கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்டது. விழுந்தவரை இன்னும் இரண்டு முறை அடித்தார். பதினாறு காவலர்களும் துப்பாக்கியைத் தூக்கினார்கள், சுடுவது யாரை என்ற உத்தரவு வராததால் வானத்தைச் சுட்டார்கள். கீழே லத்திகள் இறங்கின. சிரித்தவர்கள், சிரிக்காதவர்கள் என்று பாகுபாடு பார்க்காமல் எல்லோருக்கும் மண்டை உடைந்தது.

மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் அமைச்சரை மேசைமேல் படுக்க வைத்து, தாடைக்குக் கட்டுப் போட்டிருந்தார்கள். அவரால் பேச முடியவில்லை. திட்டம் தொடங்கியதிலிருந்து அவர் மக்களுக்குச் செய்த முதல் உதவி அது.

"அரசு மேலயே கை வச்சாச்சு. தனிப் பதிவேட்டுல எழுதிட்டா எண்ணிக்கையும் கெடாது," என்றார் இன்ஸ்பெக்டர். "யாரு மேல எழுதுறது?"

"துணைத்தலைவர் மேல எழுத முடியாது," என்றார் ஆலோசகர். "அவருக்கு விருது குடுத்ததே நாமதான். வேற ஆள் வேணும். இப்படி அடிச்சிருந்தா அடிச்சவன் கையும் வீங்கியிருக்கணுமே. மேடையில கை வீங்கின ஆள் யாரு?"

எல்லோரும் பெயிண்டரைப் பார்த்தார்கள்.

"சார், இது நாலு நாளைக்கு முன்னாடி உடஞ்சது," என்றார் பெயிண்டர். "எக்ஸ்ரேவே உங்ககிட்ட இருக்கு. தேதி பாருங்க."

ஆலோசகர் கோப்பிலிருந்து படத்தை எடுத்துத் தேதியைப் பார்த்தார். முகம் இறுகியது. "நாலு நாள் முன்னாடியே கையத் தயார் பண்ணியிருக்கான். திட்டமிட்ட சதி."

கண்ணால் கண்ட சாட்சியாக இருக்கத் தழும்பண்ணன் தானாகவே முன்வந்தார். மிக அருகில் இருந்தவர் அவர்தானே.

ரைட்டர் தனிப் பதிவேட்டைத் திறந்தார். நூறு நாளாக எழுதாத கை, முதல் வரி கோணிக்கொண்டு போனது. பெயிண்டரின் கட்டைப் பிரித்து, பார்த்துப் பார்த்து எழுதி, சத்தமாகப் படித்தார்: "எதிரியின் வலது கையில் ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல், மணிக்கட்டு ஆகியவற்றில் கடுமையான எலும்பு முறிவு காணப்படுகிறது."

பெயிண்டர் ஒவ்வொரு சொல்லையும் கவனமாகக் கேட்டார். இந்த வரிக்காகத்தான் நான்கு நாளாக அலைந்தார். "கடுமையானன்னு போட்டது சரி சார்," என்றார். "மொத்தம் நாலு எடம்னு போட்டீங்களா?"

"போடறேன்." போட்டார்.

மனைவி கூட்டத்தை இடித்துக்கொண்டு நெற்றியில் ரத்தத்தோடு அழுதபடி உள்ளே ஓடிவந்தாள். "ஏங்க, ஒத்துக்காதீங்க! கையெழுத்துப் போடாதீங்க!"

பெயிண்டர் ரைட்டரிடம் கேட்டார். "எத்தன வருஷம் சார் கெடைக்கும்?"

"ஏழு."

"அண்ணனும் உள்ள வருவாரா?"

"அவரு எதுக்கு உள்ள வராரு? வெளியில எவ்வளவு பொறுப்பு இருக்கு அவருக்கு."

அறை ஓரத்தில் தழும்பண்ணன் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, விரல்களை நெட்டி முறித்துக்கொண்டு, பெயிண்டரின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயிண்டர் பேனாவை வாங்கி அந்தக் கையால் கையெழுத்துப் போட்டார்.

மனைவி தழும்பண்ணனைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். அவருடைய இடது கையை எடுத்து, ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டாள். அழுகை நின்றுவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு ரைட்டர் பக்கம் திரும்பினாள்.

"சார், ஏழு போதுமா? ஒரு பதினஞ்சா போட முடியாதா?"

ரைட்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆளாளுக்குக் கேக்குறபடியெல்லாம் எழுத முடியாதும்மா," என்றார். "சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?"